பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வேலை வழிகாட்டல் – தலைமைப் பயிற்சிப் பட்டறை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் சில ஆண்டுகளாக இந்தப் பட்டறைகளை நடத்தி வருகிறோம். வேலையில் இருக்கும் பொறியாளர்கள் சிலர், ஓய்வு பெற்றவர்கள் சிலர், கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒவ்வொரு முறையும் மாணவர்களும் பெற்றோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டறையில் என்ன நடக்கும்?

சனி, ஞாயிறு என்று இரண்டு நாள். முதல் நாள் வேலை தேடுவது பற்றியது: தன்விவரக் குறிப்பு, நேர்காணல், குழு விவாதம். இரண்டாம் நாள் ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடிப்பது பற்றியது. மேடையும் மைக்கும் கிடையாது. நாற்காலிகளை ஐந்து ஐந்தாக வட்டமாகப் போட்டிருப்போம். வந்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு நாளுக்குள் ஆறு முறையாவது எழுந்து பேசியிருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால்தான் 40 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பெரிய அரங்கத்தில் 400 பேரை உட்கார வைத்து நடத்தச் சொல்லிச் சில கல்லூரிகள் கேட்கின்றன. அது சொற்பொழிவாகத்தான் முடியும். கேட்கும்போது நெஞ்சு நிமிரும், திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சாது.

நம் மாவட்டத்தில் இதற்கு என்ன அவசியம்? இங்கே எல்லோரும் படித்தவர்கள்தானே?

படித்தவர்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனால் படித்து முடிக்கும் அத்தனை பேருக்கும் வேலை கொடுக்கும் அளவுக்கு இங்கே பெரிய தொழிற்சாலைகள் இல்லை. ஆகவே நம் பிள்ளைகளின் முதல் நேர்காணல் பெரும்பாலும் வெளியூரில்தான் நடக்கிறது. திருவனந்தபுரமோ சென்னையோ பெங்களூருவோ, அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. எண்பது சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வைத்திருக்கும் மாணவி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்குப் பெயரும் ஊரும் அப்பாவின் தொழிலும் சொல்லிவிட்டு நின்றுவிடுவதை மாதிரி நேர்காணலில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதே மாணவியை வெளியே வராந்தாவில் நிறுத்தி, "உன் புராஜெக்ட் எங்கே சிக்கியது?" என்று கேட்டால் பத்து நிமிடம் அருமையாகப் பேசுவாள். பாடம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அந்நியர் முன்னால் எடுத்து வைத்துப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை ஊரை விட்டுப் போவதற்கு முன்பே, தவறினாலும் நஷ்டமில்லாத ஓரிடத்தில் கொடுக்க வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினோம்.

எந்த ஆண்டில் கலந்துகொள்வது நல்லது?

பி.இ., பி.டெக். படிப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிடுங்கள். நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வுகள் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். மூன்றாம் ஆண்டின் கடைசியில் வந்தால், குறையைக் கண்டுபிடிக்க நேரமிருக்கும், சரிசெய்ய நேரமிருக்காது. டிப்ளமோ மாணவர்கள் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் வரலாம்.

பாலிடெக்னிக் மாணவர்களையும் பி.இ. மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைப்பீர்களா? டிப்ளமோவுக்கு மதிப்பு குறைவு என்கிறார்களே?

ஒன்றாகத்தான் உட்காருவார்கள். முதல் ஒரு மணி நேரம் பாலிடெக்னிக் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். கருவியைக் கையில் கொடுத்த பிறகு நிலைமை மாறிவிடும். மல்ட்டிமீட்டரைப் பிடிக்கும் கை யாருடையது என்று அப்போது தெரியும்.

மதிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு மேலக்காட்டுவிளையைக் காட்டுகிறேன். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணன் அந்த ஊர்க்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (மிகக் குளிர்நிலை) பொறியியலில் எம்.டெக். பட்டமும் பிறகு முனைவர் பட்டமும் பெற்றவர்; பி.இ.க்கு நிகரான ஏ.எம்.ஐ.இ. தேர்வும் முடித்தவர். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே மேலே படிக்கவும் வழி இருக்கிறது. எந்த வழியில் போவது என்பதைக் குடும்பத்தின் நிலைமையையும் சேர்த்து எடைபோட வேண்டும். பட்டறையில் இதற்கென்று ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குகிறோம்.

தலைமைப் பண்பு பிறவியிலேயே வர வேண்டியது இல்லையா? இரண்டு நாளில் கற்றுக்கொடுக்க முடியுமா?

உரக்கப் பேசுவதும் கூட்டத்தை மயக்குவதும்தான் தலைமை என்றால் கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். நாங்கள் தலைமை என்று சொல்வது வேறு. ஒரு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்பது, அது தடைபட்டால் உடனே சொல்வது, கூட இருப்பவர் பயமில்லாமல் நம்மிடம் சொல்லும்படி நடந்துகொள்வது. இந்த மூன்றையும் பழக முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உண்மையான வேலை கொடுப்போம். உதாரணமாக, ஒரு லேபில் பழுதாகிக் கிடக்கும் கருவிகளைப் பட்டியலிட்டு, எதைச் சரிசெய்யலாம், எதைக் கழிக்க வேண்டும், என்ன செலவாகும் என்று ஒரு பக்க அறிக்கையை மாலை மூன்று மணிக்குத் துறைத்தலைவர் கையில் கொடுக்க வேண்டும். துறைத்தலைவர் உண்மையாகவே அதை வாங்கிப் படிப்பார், கேள்வி கேட்பார். அவர் போன பிறகு நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். எது நடக்கவில்லை? அது நடக்காது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது? அவர் எப்போது வாய் திறந்தார்?

மூன்றாவது கேள்வியில் அறை அமைதியாகிவிடும். ஒருமுறை ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவர் அன்று விடுமுறை என்பது ஒரு மாணவனுக்குக் காலை பதினோரு மணிக்கே தெரிந்திருக்கிறது. அவன் சொன்னது இரண்டரை மணிக்கு. ஏன் என்று கேட்டோம். "சொன்னால் என்னையே போய் வாங்கி வரச் சொல்வார்கள் என்று நினைத்தேன் சார்" என்றான். குழுத்தலைவியாக இருந்த பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் காலையிலிருந்து இவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை சார்" என்றாள். அன்று அந்த ஐந்து பேர் கற்றதை எந்தப் புத்தகத்தைக் கொண்டும் என்னால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நேர்காணலில் தோல்வியைப் பற்றிக் கேட்டால் மறைத்துவிடலாமா?

மறைக்க வேண்டாம். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர் மெதுவாக இறங்க முடியாமல் நிலவின் தரையில் மோதியது. நாடே விழித்திருந்து பார்த்த தோல்வி அது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். லேண்டர் ஏன் மோதியது என்று ஆராய்ந்த தேசிய அளவிலான வல்லுநர் குழுவின் தலைவர், மேலே சொன்ன நாராயணன். அப்படிக் கண்டுபிடித்த காரணங்களைச் சரிசெய்துதான் சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது. இரண்டு பேருமே நம் மாவட்டத்துக்காரர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிட, தவறு எங்கே நடந்தது என்று உட்கார்ந்து எழுதுவதும் பொறியாளரின் வேலைதான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் கிடைக்காது.

அதே வரிசையில் உங்கள் பதிலும் இருக்கட்டும்: என்ன செய்தேன், எங்கே தவறியது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தேன், பிறகு எதை மாற்றினேன். கேட்பவர் எதிர்பார்ப்பது கடைசி இரண்டையும்தான்.

அரியர் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். ஆனால் பல நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வில் நிலுவைப் பாடம் இல்லாதவர்களை மட்டுமே அனுமதிக்கின்றன. பட்டறையால் அதை மாற்ற முடியாது. முதலில் பாடத்தை முடியுங்கள். எப்போது எந்தத் தாளை எழுதப்போகிறீர்கள் என்ற அட்டவணையை எங்களோடு உட்கார்ந்து போடலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது. பட்டறை எந்த மொழியில் நடக்கும்?

தமிழில் தொடங்கும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தன் புராஜெக்டைத் தமிழில் தெளிவாக விளக்க முடியாதவரால் ஆங்கிலத்தில் மனப்பாடம்தான் செய்ய முடியும். இடையில் ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் சரிந்துவிடும். எனவே முதல் சுற்றில் தமிழில் விளக்க வேண்டும், அதுவும் வேறு துறை மாணவருக்கு. சிவில் படிக்கும் பையனுக்கு எலக்ட்ரானிக்ஸ் புரியும்படி சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் அதையே ஐந்து சிறிய ஆங்கில வாக்கியங்களில் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்றில் நாங்கள் குறுக்கே கேள்வி கேட்போம். இலக்கணப் பிழையை அந்த இடத்தில் திருத்துவதில்லை, குறித்து வைத்து முடிவில் தனியாகச் சொல்வோம். கூட்டத்தின் நடுவே திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. இதை நாங்கள் எங்கள் முதல் பட்டறையில் செய்த தவறிலிருந்து கற்றோம்.

தினமும் பத்து நிமிடம் உரக்கப் படிப்பதும், தன் குரலைப் போனில் பதிவு செய்து கேட்பதும் போதுமான வீட்டுப்பாடம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் பேச்சில் ஊர் வாடை அடிக்கிறது என்று சென்னையில் சிரிக்கிறார்கள். மாற்றிக்கொள்ள வேண்டுமா?

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் குடிதண்ணீரை 'வெள்ளம்' என்பார்கள். பெரியவர்கள் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். மலையாளமும் தமிழும் கலந்து கேட்டு வளர்ந்த காது நம்முடையது. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த மாவட்டம் இது. பேச்சில் அந்தச் சாயல் இருப்பது இயல்பு. வீட்டுப் பேச்சை விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும்படி நிதானமாகப் பேசினால் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் வேகமாகப் பேசுவதுதான் உண்மையான சிக்கல். மலையாளம் புரிகிறது என்றால் அதைத் தன்விவரக் குறிப்பில் எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் வேலை தேடுபவருக்கு அது பெரிய பலம்.

தன்விவரக் குறிப்பில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லையே?

ஒன்றுமே இல்லாத மாணவரை இதுவரை நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாமல் இருக்கிறார்கள். "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன், புதியன கற்பதில் ஆர்வம்" என்று எல்லாக் குறிப்பிலும் ஒரே மூன்று வரி. அவற்றை முதலில் அடிக்கச் சொல்வோம். ஒரு மாணவன் அந்த வரிகளை அடித்தபின் தாள் காலியாகிவிட்டது என்றான். வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று விசாரித்ததில், குலசேகரத்தில் மாமாவின் ரப்பர் ஷீட் புகைக்கூடத்துக்கு, வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டினால் மணியடிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்து மாட்டியிருப்பது தெரிந்தது. "அது சும்மா வீட்டுக்குச் செய்தது சார்" என்றான். அதுதான் இப்போது அவனது குறிப்பின் முதல் வரி. புகையில் சென்சார் கெட்டுப்போனதும், உறை மாட்டி இடத்தை மாற்றி வைத்ததும் இரண்டாம் வரி.

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அப்பாவின் பெயர், மதம், சாதி, முழு முகவரி எதுவும் தேவையில்லை. செய்து பார்க்காத மென்பொருளின் பெயரை எழுத வேண்டாம். கேட்பவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்கிவிட்டேன். என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைத் தனியாக வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள். வாங்கியது தவறு, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானே செய்தேன் என்று நேர்காணலில் சொல்லவும் கூடாது. இன்னும் மாதங்கள் இருந்தால், வாங்கியதைப் பிரித்துப் போட்டு ஒரு பகுதியையாவது நீங்களே மறுபடி கட்டுங்கள். அந்தப் பகுதியை மட்டும் உங்களுடையது என்று சொல்லுங்கள். நேரமே இல்லை என்றால், சிறியதாக இருந்தாலும் சொந்தமாக ஒன்றைச் செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் முடியும்.

ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைக்காதா?

குறைவு, ஆனால் பலர் நினைப்பதைவிட அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைப் பராமரிக்க எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்; உயரம் ஏறத் தயங்காதவர்களாக இருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் நெல்லை மாவட்டத்தில் மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகமும், தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இயங்கும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலை. சுமார் 65 கிலோமீட்டரில் திருவனந்தபுரம், அங்கே 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் மென்பொருள் வளாகமும் தும்பா விண்வெளி மையமும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் படகுகளின் இன்ஜின், ஜி.பி.எஸ்., ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் பழுதுபார்க்கத் தேர்ந்த கைகள் எப்போதும் தேவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளைப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்தக் கரையில் பிறந்து எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் கடல் தொலைத்தொடர்பைத் தங்கள் துறையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இவற்றில் பலவற்றுக்கு வாசல், அப்ரண்டிஸ் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் மாத உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசின் நாட்ஸ் (NATS) இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வது எப்படி என்று பட்டறையிலேயே எல்லோருக்கும் காட்டிவிடுவோம்.

அரசு வேலைதான் வேண்டும் என்கிறார் அப்பா.

அந்த விருப்பத்தில் தவறில்லை. பொறியியல் படித்தவர்களுக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வை பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், எம்.டெக். சேரவும் சில பொதுத்துறை நிறுவனங்களில் விண்ணப்பிக்கவும் உதவும். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நான்கைந்து ஆண்டுகளை வெறுமையாக விட வேண்டாம். எத்தனை முறை எழுதுவது, அதுவரை செலவுக்கு என்ன வழி என்று வீட்டில் உட்கார்ந்து தேதி போட்டுப் பேசிவிடுங்கள்.

நான் முதல்வன் திட்டம் இருக்கும்போது இது எதற்கு?

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் பாடங்களைத் தவறாமல் படியுங்கள். திறனை அது தருகிறது. அந்தத் திறனை மனிதர் முன்னால் பேசிக் காட்டவும், ஐந்து பேரோடு சேர்ந்து பயன்படுத்தவும் இங்கே பழகலாம்.

மகளை அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு முடித்துவிடுவோம். மலையோரத்துக்கும் கடலோரத்துக்கும் பஸ் நேரம் பார்த்துத்தான் அந்த நேரத்தை வைத்தோம். பெண் பொறியாளர்கள் இரண்டு நாளும் கூட இருப்பார்கள். அம்மாவும் வந்து உட்காரலாம். சில அம்மாக்கள் பிள்ளைகளைவிட நன்றாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

எங்களுக்குக் கவலை வேறு. குழுவாகப் பிரித்ததும், யாரும் சொல்லாமலே, குறிப்பு எழுதும் வேலை பெண்ணிடம் போய்விடுகிறது. பேசும் வேலை பையனிடம். அழகான கையெழுத்து அவளுக்குத் தண்டனையாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேலையைக் கட்டாயமாக மாற்றுகிறோம். இதைப் பையன்களுக்கும் எடுத்துச் சொல்கிறோம், பெரும்பாலும் அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும், பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் கட்டினால் வெளிநாட்டு வேலை என்கிறார்கள். நம்பலாமா?

நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இல்லை. அதனால் ஏமாற்றுபவர்களும் இங்கே அதிகம் வருகிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணினி வேலை என்று அழைத்துப் போய், கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கூடாரங்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் அடைத்து வைக்கப்பட்டதை 2022-க்குப் பிறகு நாம் செய்திகளில் பார்த்துவருகிறோம். உள்நாட்டிலும் இதே எச்சரிக்கைதான். வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார்.

கட்டணம் உண்டா? சான்றிதழ் தருவீர்களா?

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பங்கு வாங்குவோம். முடியாதவர்கள் சொன்னால் போதும். சான்றிதழ் தருவதில்லை. தன்விவரக் குறிப்பில் எழுத, அன்று நீங்கள் செய்து முடித்த வேலையே இருக்கும்.

எங்கள் கல்லூரியில் நடத்த என்ன வேண்டும்?

நாற்காலிகளை நகர்த்தக்கூடிய அறை ஒன்று, குழுவுக்கு ஒன்றாக உண்மையான வேலைகள், அறிக்கையை வாங்கிப் படிக்கச் சம்மதிக்கும் துறைத்தலைவர் ஒருவர். குத்துவிளக்கும் பொன்னாடையும் வேண்டாம். அந்த முக்கால் மணி நேரத்தில் இரண்டு குழுக்கள் பேசி முடித்துவிடும். வார நாளில் நடத்துவதாக இருந்தால் மாணவர்களுக்கு ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கணக்கிடும் அனுமதி) முன்கூட்டியே போட்டுவிடுங்கள், வருகைப்பதிவுக் கவலையோடு யாராலும் பேச முடியாது.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டும் பேனாவும். கூடவே வீட்டில் பழுதாகிக் கிடக்கும் சிறிய பொருள் ஒன்று: டார்ச், மிக்ஸி ஜார், பழைய ரேடியோ, ரெகுலேட்டர், எதுவானாலும் சரி. முதல் நாள் காலையில் அதைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, எது கெட்டிருக்கக்கூடும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் நாங்கள் வைத்திருப்போம்.